அப்பாவுக்குக் குடுத்த குளிசையும் அந்த நேரத்து ஆராய்ச்சியளும்

கேள்வி: டொக்டர் அக்காவுக்கு, நான் வெள்ளவத்தையில இருந்து எழுதுறன், வயசு 29, பேங்க்கில வேலை செய்யிறன். 2021 ஓகஸ்ட்டில அப்பாவுக்கு கொவிட் வந்தது. அந்த நேரம் பிரெண்ட் ஒருத்தி வட்ஸ்அப்பில ஒரு ரிசேர்ச் பேப்பர் அனுப்பினவ, ஐவர்மெக்டின் எண்ட பூச்சிக் குளிசை குடுத்தா சாவு 90 வீதம் குறையும் எண்டு அதில கிடந்தது. நான்தான் அலைஞ்சு திரிஞ்சு அந்தக் குளிசையை எடுத்து ஒரு நாளைக்கு ஒரு தரம் மூண்டு நாள் குடுத்தனான். நாலாம் நாள் மூச்சு எடுக்கக் கஷ்டப்பட்டார், உடனே ஹொஸ்பிட்டல் கொண்டு போனம், ஒக்சிஜன் வச்சு டெக்ஸாமெதசோன் எண்ட ஸ்டீரொய்ட் குடுத்தவை, ஒன்பதாம் நாள் அப்பா போயிட்டார். ஸ்டீரொய்ட் குடுத்துத்தான் கொண்டு போட்டாங்கள் எண்டு அண்ணா இண்டைக்கும் சொல்லுறார், எனக்கு உள்ளுக்குள்ள நான் குடுத்த குளிசைதானோ எண்டு கிடக்கு. இப்ப அண்ணா எந்த ஆராய்ச்சியையும் நம்புறேல்ல, எல்லாம் காசுக்கு எழுதினது எண்டு அம்மாட பிரஷர் குளிசையையும் மூண்டு மாசமா நிப்பாட்டிப் போட்டார். அந்த ரெண்டு வருசமும் வந்த ஆராய்ச்சி எல்லாம் பொய்யா அக்கா? என்னை மாதிரி ஆக்கள் எதைப் பாத்து நம்புறது?

பதில்: தங்கச்சி, ஆராய்ச்சியைப் பற்றிப் பிறகு கதைப்பம், முதல்ல அப்பா.

நான் அப்பாவைப் பாத்த டொக்டர் இல்ல, அவரின்ட பெட் ஹெட் டிக்கட் என்ட கையில இல்ல, அதால அவர் ஏன் செத்தார் எண்டு தீர்ப்புச் சொல்ல எனக்கு ஏலாது. ஆனா நீங்கள் எழுதியிருக்கிற அளவில மூண்டு நாள் குடுத்த அந்தக் குளிசை அவரைக் கொண்டிருக்கும் எண்டு நினைக்க எனக்கு ஒரு காரணமும் தெரியேல்ல. பிரேசிலில டுகெதர் எண்டு ஒரு ட்ரையல் நடந்தது, 1,358 பேர், 679 பேருக்கு மூண்டு நாள் ஐவர்மெக்டின், மற்ற 679 பேருக்கு மருந்தே இல்லாத அதே மாதிரிக் குளிசை, ஆருக்கு எது எண்டு குலுக்கல் முறையிலதான் தீர்மானிச்சது. முதல் பக்கத்தில 100 பேர் ஹொஸ்பிட்டலில சேர வேண்டி வந்தது இல்லாட்டி எமேர்ஜென்சியில ஆறு மணித்தியாலத்துக்கு மேல கிடந்தவை, மற்றப் பக்கத்தில 111 பேர். இந்த 11 பேர் வித்தியாசம் சும்மா அதிர்ஷ்டத்திலயே வரக்கூடிய வித்தியாசம். உதவவும் இல்ல, பெரிசாக் கெடுக்கவும் இல்ல. இந்த முடிவு 2022 மார்ச்சிலதான் வெளியில வந்தது, உங்கட அப்பா போய் ஏழு மாசத்துக்குப் பிறகு. நீங்கள் அதை அண்டைக்குத் தெரிஞ்சிருக்க வழியே இல்ல. நாலாம் நாள் மூச்சு மாறினவுடன குளிசை வேலை செய்யும் எண்டு வீட்டில வச்சுக்கொண்டு இருக்காம தூக்கிக்கொண்டு ஓடினீங்களே, அதுதான் செய்ய வேண்டியிருந்தது, அதை நீங்கள் செய்தனீங்கள்.

அந்தக் கிழமையள் எனக்கும் நல்லா ஞாபகம் இருக்கு. ஒரு நாளைக்கு 200க்கு மேல சாவு எண்டு அறிவிச்ச நாளுகள், காலி வீதி வெறிச்சோடிப் போய் அம்புலன்ஸ் சத்தம் மட்டும் கேக்கும். அந்த நேரம் கையில கிடைச்ச ஒரு பேப்பரைப் பிடிச்சுக்கொண்டு அப்பாவைக் காப்பாத்தப் பாத்த பிள்ளையில நான் எந்தப் பிழையும் காணேல்ல. பிழை அந்தப் பேப்பரில. அதைக் கொஞ்சம் விரிவாச் சொல்ல வேணும், ஏனெண்டா உங்கட கடைசிக் கேள்விக்கான பதிலும் அதுக்குள்ளதான் கிடக்கு.

90 வீதம் எண்டு நீங்கள் எழுதினதைப் பாக்க, உங்களுக்கு வந்தது எகிப்தில இருந்து 2020 நவம்பரில ஒன்லைனில போட்ட பேப்பராத்தான் இருக்க வேணும். அது ஒரு ப்ரீபிரின்ட், அதாவது வேற நிபுணர்மார் ஒருத்தரும் பாக்க முதல் எழுதினவையே நேராப் போடுறது. உலகம் முழுக்க அதை எடுத்துப் பேசினவை, கன ஆராய்ச்சியளை ஒண்டாக் கூட்டிப் பாத்த பெரிய பேப்பருகளுக்குள்ளயும் இது போய் இருந்திட்டுது, இது ஒண்டு உள்ளுக்க இருந்தபடியாலேயே அந்தக் கூட்டுக் கணக்கும் ஐவர்மெக்டின் பக்கம் சாய்ஞ்சுது. பிறகு லண்டனில மாஸ்டர்ஸ் செய்துகொண்டிருந்த ஜாக் லோறன்ஸ் எண்ட ஒரு மருத்துவ மாணவன் படிப்பு அசைன்மென்ட்டுக்காக இதை வாசிக்கேக்க, முன்னுரை முழுக்க வேற இடங்களில இருந்து எடுத்துச் சொல்லுகளை மட்டும் மாத்திப் போட்டிருக்கிறதைக் கண்டுபிடிச்சான். மாத்தின மாத்தில ஒரு இடத்தில நோயின்ட பேரே மாறிப்போய்க் கிடந்தது. பிறகு மூல டேட்டா இருந்த பைலைத் திறக்கப் பாத்தான், பாஸ்வேர்ட் கேட்டுது, 1234 எண்டு அடிச்சுப் பாக்க திறந்திட்டுது. உள்ளுக்கை பாத்தா ட்ரையல் தொடங்கின திகதிக்கு முதலே செத்துப்போனவை எண்டு பதிவான ஆக்கள், ஒரு நோயாளியின்ட விபரத்தை அப்பிடியே கொப்பி பண்ணி இன்னொரு நோயாளி எண்டு போட்ட வரியள். வேற ஒரு ஆய்வாளர் எண்ணிப் பாத்து இப்பிடி 79 வரி இருக்குது எண்டவர். 2021 ஜூலை 14ஆம் திகதி அந்தப் பேப்பரை எடுத்துப்போட்டினம்.

தங்கச்சி திகதியைக் கவனியுங்கோ. ஜூலை 14. உங்கட பிரெண்ட் அனுப்பினது ஓகஸ்ட்டில. வாபஸ் வாங்கி ஒரு மாசம் கழிச்சும் வெள்ளவத்தையில ஒரு பிள்ளையின்ட போனுக்குள்ள அது உயிரோட வந்து நிண்டிருக்கு. அந்த நேரத்து ஆராய்ச்சியளில எனக்கு இண்டைக்கும் நெஞ்சு எரியிற விசயம் இதுதான். பிழையா ஒண்டு வந்தா ஒரு ராவில கொழும்புக்கு வந்து சேருது, அது பிழை எண்ட செய்தி வருசக்கணக்கா வந்து சேருதில்ல.

இப்ப அண்ணா சொல்லுற ஸ்டீரொய்ட். இங்க அண்ணாவுக்கு விளங்கப்படுத்த வேண்டிய ஒண்டு இருக்கு, அவர் பாதி சரி எண்டதையும் சேர்த்துத்தான் சொல்ல வேணும். பிரிட்டனில ரிக்கவரி எண்ட ட்ரையலை ஒக்ஸ்போர்ட் ஆக்கள் 2020 மார்ச்சில தொடங்கினவை, ஜூன் 16ஆம் திகதி டெக்ஸாமெதசோன் முடிவைச் சொல்லிட்டினம், மூண்டு மாசம்தான். 2,104 பேருக்கு டெக்ஸாமெதசோன், 4,321 பேருக்கு வழமையான கவனிப்பு மட்டும், இதுவும் குலுக்கல். வென்டிலேட்டரில இருந்தவையில மருந்து இல்லாத பக்கம் 28 நாளுக்குள்ள 41.4 வீதம் செத்தவை, மருந்து எடுத்த பக்கம் 29.3. ஒக்சிஜன் மட்டும் எடுத்தவையில 26.2 வீதம், மருந்தோட 23.3. ஒக்சிஜனே தேவைப்படாதவையில உதவி ஒண்டும் இல்ல, 14.0 வீதம் 17.8 ஆக் கூடினது போலத்தான் கிடந்தது, ஆனா அது நிச்சயமாச் சொல்லக்கூடிய அளவு வித்தியாசம் இல்ல. அப்ப ஸ்டீரொய்ட் கூடாது எண்டு அண்ணா எங்கேயோ கேட்டது முழுப் பொய் இல்ல, வீட்டில சும்மா காய்ச்சலோட இருக்கிறவைக்கு அதைக் குடுக்கக் கூடாது. ஆனா உங்கட அப்பா ஒக்சிஜனில இருந்தவர், அவருக்கு அண்டைக்கு உலகத்தில எந்த நல்ல ஹொஸ்பிட்டலில எண்டாலும் அதைத்தான் குடுத்திருப்பினம்.

குடுத்தும் ஏன் அப்பா போனவர் எண்டு நீங்கள் கேப்பீங்கள். மேல சொன்ன 26.2, 23.3 எண்ட கணக்குப்படி ஒக்சிஜனில இருக்கிற சுமார் 35 பேருக்குக் குடுத்தா ஒரு உயிர் மிஞ்சும். மற்ற 34 பேரில கனபேர் மருந்து இல்லாமலும் தப்பியிருப்பினம், சிலபேர் மருந்து எடுத்தும் தப்பேல்ல. அப்பா அந்தச் சிலபேரில ஒருத்தர். அந்த வாட்டில மருந்து கொன்ற ஆள் எண்டும் இல்ல, டொக்டர்மார் கைவிட்ட ஆள் எண்டும் இல்ல, எங்களிட்ட அண்டைக்கு இருந்த மருந்தின்ட சக்தி அவ்வளவுதான். இதைச் சொல்லுறது எனக்கும் லேசில்ல.

எகிப்துப் பேப்பரையும் இந்த ரிக்கவரி முடிவையும் பக்கத்தில வச்சுப் பாருங்கோ. ரெண்டும் அவசரத்தில வந்தது. டெக்ஸாமெதசோன் முடிவு முதல்ல ஒரு பத்திரிகை அறிவிப்பாத்தான் வந்தது, ஒரு கிழமையால ப்ரீபிரின்ட், ஜேர்னலில ஜூலையில. அதால அவசரம் எண்டபடியால எல்லாம் குப்பை எண்டு அண்ணா சொல்லுறது நிக்காது, ப்ரீபிரின்ட் எண்டா பொய், ஜேர்னல் எண்டா உண்மை எண்டு சிலபேர் சொல்லுறதும் நிக்காது. பிரான்ஸில மார்செய் நகரத்தில இருந்து வந்த ஹைட்ரொக்ஸிகுளோரோகுயின் எண்ட மலேரியா மருந்து பற்றின பேப்பர் நிபுணர்மார் பாத்த ஜேர்னலிலதான் வந்தது, 2020 மார்ச் 16 அனுப்பி அடுத்த நாளே ஏத்துக்கொண்டவை. அதில மருந்து எடுத்தவை 26 பேர். கணக்கில 20 பேர்தான். மிச்ச ஆறு பேர் எங்க எண்டு பாத்தா மூண்டு பேர் ஐசியுவுக்குப் போட்டினம், ஒருத்தர் செத்திட்டார், ஒருத்தர் ஓங்காளத்தில மருந்தை விட்டிட்டார், ஒருத்தர் ஹொஸ்பிட்டலை விட்டுப் போட்டார். அவையைக் கணக்கால எடுத்துப்போட்டு, ஆறாம் நாள் மூக்கில வைரஸ் இல்ல எண்ட டெஸ்ட்டை வச்சு மருந்து நல்லது எண்டு முடிவு. உலகமே அந்தக் குளிசைக்கு ஓடிச்சுது, லூபஸ் வருத்தத்துக்கு வருசக்கணக்கா அதைக் குடிச்சுக்கொண்டிருந்த ஆக்கள் அது கிடைக்காமத் திண்டாடினவை. அதே ரிக்கவரி ட்ரையல் ஜூன் மாசமே பலன் இல்ல எண்டு சொல்லிட்டுது, மருந்து எடுத்த பக்கம் 27 வீதம் செத்தவை, எடுக்காத பக்கம் 25. மார்செய் பேப்பரை ஜேர்னல் வாபஸ் வாங்கினது 2024 டிசம்பரில. நாலே முக்கால் வருசம்.

லான்செட் எண்ட மருத்துவ ஜேர்னலின்ட பேருக்கே தலை வணங்கிற ஆக்கள் நாங்கள், எங்கட டொக்டர்மாரைக் கேட்டாத் தெரியும். அந்த லான்செட்டில 2020 மே 22ஆம் திகதி 671 ஹொஸ்பிட்டல், 96,032 நோயாளி எண்டு ஒரு பேப்பர் வந்தது, இதே ஹைட்ரொக்ஸிகுளோரோகுயின் ஆக்களைக் கொல்லுது எண்டு. மூண்டாம் நாள் உலக சுகாதார நிறுவனம் தன்ட ட்ரையலில அந்த மருந்தை நிப்பாட்டினது. டேட்டா முழுக்க சேர்ஜிஸ்ஃபியர் எண்ட ஒரு கம்பெனியின்டது. அவுஸ்திரேலியாவில ஏப்ரல் 21 வரைக்கும் நாடு முழுக்கவே 67 சாவுதான், பேப்பரில அதே திகதி வரைக்கும் அஞ்சு ஹொஸ்பிட்டலில மட்டும் 73 சாவு. நூற்றுக்கு மேற்பட்ட ஆய்வாளர்மார் கடிதம் எழுதினவை, மூல டேட்டாவைக் காட்டச் சொல்லி ஓடிட்டர்மார் கேக்க கம்பெனி குடுக்கேல்ல, ஜூன் 4ஆம் திகதி பேப்பர் வாபஸ். அதே கம்பெனி டேட்டாவில நியூ இங்கிலண்ட் ஜேர்னல் ஒப் மெடிசினில வந்ததும் அண்டைக்கே வாபஸ். அந்த மருந்து உதவாது எண்டது பிறகு உண்மைதான் எண்டு தெரிஞ்சுது, ஆனா அதைச் சொன்ன அந்தக் கணக்கில ஆக்களே இருந்தவையா எண்டு ஒருத்தருக்கும் தெரியாது.

எகிப்துப் பேப்பரில ட்ரையலுக்கு முதலே செத்தவை கணக்குக்க வந்திருக்கினம், மார்செயில கூடாமப் போனவை கணக்கை விட்டு வெளியில போயிருக்கினம், லான்செட்டில கணக்குக்கு ஆளே இல்ல. அப்ப நான் ஒரு பேப்பரைக் கையில எடுத்தா முதல்ல தேடுறது முடிவை இல்ல தங்கச்சி, கணக்கில ஆரைக் காணேல்ல எண்டு. எத்தினை பேரோட தொடங்கினவை, எத்தினை பேரோட முடிச்சவை, இடையில போனவைக்கு என்ன நடந்தது. ரிக்கவரி பேப்பரில இதுக்குப் பதில் கிடக்கு.

அந்த ரெண்டு வருசமும் வந்த தொகையையும் கொஞ்சம் சொல்லுறன், பொய்யா எண்டு நீங்கள் கேட்டதுக்கு. 2020 முடியிறதுக்குள்ளேயே கொவிட் பற்றி ஒரு லட்சத்துக்கு மேல பேப்பர் வந்திட்டுது, முதல் பத்து மாசத்தில வந்த சுமார் 1,25,000 இல 30,000க்கு மேல ப்ரீபிரின்ட். ஒரு ஆய்வில அதே ஜேர்னலுகளில வந்த கொவிட் பேப்பரையும் முந்தி வந்த பேப்பரையும் ஒப்பிட்டுப் பாத்தவை, முந்தி ஏத்துக்கொள்ள 110 நாள் எடுத்தது, கொவிட்டுக்கு 13 நாள், தரத்துக்குப் போட்ட மார்க்ஸும் குறைவு. அமெரிக்காவில மருந்துகளுக்கு அனுமதி குடுக்கிற எஃப்டிஏ நிறுவனத்து ஆக்கள் கொவிட் மருந்து ட்ரையலுகளை எண்ணிப் பாத்தா, 2,895 பிரிவில (ஒரு ட்ரையலுக்குள்ள ஒப்பிட்டுப் பாக்கிற ஒவ்வொரு பக்கமும் ஒரு பிரிவு) குலுக்கல் முறையும் போதுமான ஆக்களும் ரெண்டும் இருந்தது 5 வீதம் அளவுதான். மிச்சம் எல்லாம் களவு எண்டு நான் சொல்லேல்ல. அதில கனக்க, பகல் முழுக்க வாட்டில நிண்டுபோட்டு ராவில இருந்து தங்கட 30 நோயாளி, 40 நோயாளியைப் பற்றி நல்ல மனசோட எழுதின டொக்டர்மாரின்ட பேப்பர். அந்த நல்ல மனசை நான் குறைச்சுச் சொல்லமாட்டன். ஆனா நூறு ஹொஸ்பிட்டல் நூறு சின்னப் பேப்பர் எழுதினதுக்குப் பதிலா சேர்ந்து ஒரே கேள்வியை ஒரே முறையில கேட்டிருந்தா எத்தினையோ பதில் எத்தினையோ மாசம் முந்திக் கிடைச்சிருக்கும். பிரிட்டன் அதைச் செய்தது, அதாலதான் அவையால மூண்டு மாசத்தில பதில் சொல்ல ஏலுமா இருந்தது. நெஞ்சு எக்ஸ்ரேயும் ஸ்கானும் பாத்து கொவிட் கண்டுபிடிக்கிற கம்ப்யூட்டர் புரோகிராம் பற்றி 2,212 பேப்பரைத் தேடி எடுத்து, தேறின 62ஐ வடிவாப் பாத்தவை, ஒண்டு கூட நோயாளிக்குப் பாவிக்கத் தகுதி இல்ல. அதில சிலது கொவிட் இல்லாத ஆக்கள் எண்டு பழக்கின எக்ஸ்ரே சின்னப்பிள்ளையளின்ட எக்ஸ்ரே, அப்ப அந்தப் புரோகிராம் கொவிட்டைப் பிடிக்கப் படிச்சுதா, வளந்த ஆளையும் பிள்ளையையும் பிரிக்கப் படிச்சுதா?

நானும் இதில கை சுத்தம் இல்ல. நான் சமூக மருத்துவம், வருசக்கணக்கா ஆராய்ச்சி ஒழுக்கக் குழுக்களில இருக்கிறன், அந்த நேரம் ஜேர்னலுகள் 48 மணித்தியாலத்தில பாத்துத் தாங்கோ எண்டு பேப்பர் அனுப்பும். பிள்ளையளுக்கு ஸூம் வகுப்பு, சமையல், பகலில களவேலை, எல்லாம் முடிச்சு ராவு ஒரு மணிக்கு இருந்து பாப்பன். 40 நோயாளிக்குக் குடுத்துப் பாத்த ஒரு மருந்து, ஒப்பிட்டுப் பாக்க மறு பக்கம் எண்டு ஒண்டும் இல்ல, சின்னத் திருத்தத்தோட போடலாம் எண்டு எழுதி அனுப்பிட்டன். ஒப்பீடு இல்லாம இந்த முடிவைச் சொல்லக் கூடாது எண்டு நான் எழுதியிருக்க வேணும், அது எனக்குத் தெரியும், களைப்பில விட்டிட்டன். ரெண்டு மாசத்தால அதே பேப்பர் தலைப்பு மட்டும் எங்கட குடும்ப வட்ஸ்அப் குரூப்பில வந்தது, மாமி ஒருத்தி இதை வாங்கலாமா எண்டு கேட்டா. அண்டைக்கு ராவு எனக்கு நித்திரை வரேல்ல. அதுக்குப் பிறகு நேரம் இல்லாட்டி இல்ல எண்டு சொல்லித் திருப்பி அனுப்புறன், அவசரம் எண்டாலும்.

எங்கட நாட்டில இதை விடவும் கூடாத ஒண்டு நடந்தது, அது பிழையான பேப்பர் கூட இல்ல, பேப்பரே இல்லாதது. கொவிட்டில செத்தவையைப் புதைச்சா நிலத்தடித் தண்ணியில வைரஸ் கலக்கும் எண்டு சொல்லி 2020 ஏப்ரலில வர்த்தமானி போட்டுக் கட்டாயம் எரிக்க வேணும் எண்டாக்கினவை. உலக சுகாதார நிறுவனம் அதுக்கு முதலே மார்ச்சில புதைக்கவும் செய்யலாம் எண்டு வழிகாட்டல் போட்டிருந்தது, எங்கட துறை டொக்டர்மாரின்ட சங்கமும் இதுக்கு ஆதாரம் இல்ல எண்டு சொன்னது. நிபுணர் குழு சொல்லுது எண்ட ஒரே பதில், எந்த ஆய்வு எண்டு கேட்டா ஒண்டும் இல்ல. 270க்கு மேற்பட்ட முஸ்லிம் ஆக்களை குடும்பம் மறுக்க மறுக்க எரிச்சவை, அதில 20 நாள் பிள்ளை ஒண்டும் இருந்தது, அதை எதிர்த்து பொரளை கனத்தை மயான வேலியில சனம் வெள்ளைத் துணி கட்டினது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 2021 பெப்ரவரி கடைசியிலதான் மாத்தினவை, பிறகு ஓட்டமாவடியில புதைக்க விட்டவை, 2024 ஜூலையில அரசாங்கம் மன்னிப்புக் கேக்க அமைச்சரவை முடிவு எடுத்தது. நிபுணர் எண்ட சொல்லை மட்டும் வச்சு ஒரு தாயின்ட கையில இருந்து பிள்ளையைப் பறிக்கலாம் எண்டு அண்டைக்குக் கண்டன், அதால ஆர் சொன்னது எண்டு கேக்கிறதை விட என்னத்தைப் பாத்துச் சொன்னது எண்டு கேக்கச் சொல்லித்தான் என்ட மாணவருக்கு இண்டைக்கும் சொல்லுறன்.

2020 டிசம்பரில கேகாலையில, கொவிட்டுக்கு மருந்து எண்டு சொன்ன ஒரு பாணிக்கு ஆயிரக்கணக்கில சனம் வரிசையில நிண்டது, அப்ப இருந்த சுகாதார அமைச்சரும் பகிரங்கமாக் குடிச்சவ, அடுத்த மாசமே அவவுக்கும் கொவிட் வந்தது. அது நாட்டு மருந்து எண்டபடியாலயோ கிராமத்து மனிசன் செய்தவர் எண்டபடியாலயோ நான் அதை விலக்கேல்ல, கொத்தமல்லி அவிச்சுக் குடிச்சு வளந்தவள்தான் நானும். குடிச்சவையில எத்தினை பேருக்கு வருத்தம் வந்தது, குடியாதவையில எத்தினை பேருக்கு வந்தது எண்டு எண்ணி முடிய முதலே போத்தல் சனத்திட்டப் போட்டுது, அவ்வளவுதான் என்ட குறை. எகிப்துப் பேப்பரிட்டக் கேட்ட அதே கேள்விதான் இதுக்கும்.

சரி, நீங்கள் என்ன பாக்கிறது. ஒரு பேப்பர் கைக்கு வந்தா முதல்ல அதின்ட தலைப்பை ஒன்லைனில தேடி அது வாபஸ் ஆகிட்டுதா எண்டு பாருங்கோ, பப்மெட் எண்ட மருத்துவப் பேப்பர் தேடுற தளத்தில போட்டா வாபஸானதை மேலயே எடுப்பாக் காட்டும், ரெண்டு நிமிச வேலை. கொவிட் பேப்பரில மட்டும் 400க்கு மேல வாபஸ் ஆகியிருக்கு. பிறகு மருந்து எடுத்தவையையும் எடுக்காதவையையும் ஆர் பிரிச்சது எண்டு பாருங்கோ, டொக்டர் விரும்பின ஆளுக்குக் குடுத்ததா குலுக்கல்லயா. விரும்பின ஆளுக்கு எண்டா, கொஞ்சம் தெம்பா இருக்கிறவைக்குத்தான் புது மருந்து போயிருக்கும், பிறகு அவை தப்பினதுக்கு மருந்து பேர் எடுக்கும். கடைசியில எதை அளந்தவை எண்டும் பாருங்கோ, உயிரோட வீட்டுக்குப் போனவையையா இல்லாட்டி மூக்கில டெஸ்ட்டையா, கண்ணாடிக் குடுவைக்குள்ள செல்லையா. ஐவர்மெக்டின் கதையே அவுஸ்திரேலியாவில ஒரு ஆய்வுகூடத்தில குடுவைக்குள்ள வைரஸைக் குறைச்சதில தொடங்கினதுதான், அந்தளவு செறிவு மனிச உடம்புக்குள்ள வழமையான டோஸில வரவே வராது.

வீதக் கணக்கிலயும் கவனம். 2020 ஓகஸ்ட்டில அமெரிக்க எஃப்டிஏயின்ட தலைவரே பிளாஸ்மா சிகிச்சை (கொவிட் மாறினவையின்ட இரத்தத்தில இருந்து எடுத்து ஏத்துறது) பற்றிச் சொல்லேக்க நூறு நோயாளியில 35 பேரைக் காப்பாத்தும் எண்ட மாதிரிச் சொல்லிட்டு அடுத்த நாள் மன்னிப்புக் கேட்டவர், ஏனெண்டா அந்த 35 வீதம் நூறு ஆளில இல்ல, சாகக்கூடிய ஆக்களின்ட தொகையில. நூறில பத்துப் பேர் சாகிற இடத்தில ஆறரைப் பேர் ஆகினாலும் 35 வீதம் எண்டுதான் சொல்லுவினம். அதால வீதம் எண்டு கண்டா, எத்தினை பேரில எத்தினை பேர் எண்டு திருப்பிக் கேளுங்கோ. அந்தப் பிளாஸ்மாவும் 11,558 பேரை வச்சு ரிக்கவரி பாத்து உதவேல்ல எண்டு முடிஞ்சுது. அதோட ட்ரையல் தொடங்க முதலே எங்கயாவது பதிஞ்சிருக்கா எண்டு பாக்கலாம், எங்கட நாட்டிலயும் இலங்கை மருத்துவச் சங்கம் விஜேராம மாவத்தையில 2006இல இருந்து அப்பிடி ஒரு பதிவேடு நடத்துது, ஆரும் ஒன்லைனில பாக்கலாம்.

இனி அம்மா. இதுதான் இப்ப அவசரம், அதால அண்ணாவோட கொவிட்டைப் பற்றி வாதாடி நேரத்தை விடாதேங்கோ. பிரஷர் குளிசை பற்றின ஆராய்ச்சி ஒரு பெருந்தொற்றின்ட அவசரத்தில வந்ததில்ல. பத்துப் பதினைஞ்சு வருசமில்ல, அதை விட நீண்ட காலமா, நாடு நாடா, குலுக்கல் முறையில பாத்தது. அதை எல்லாம் ஒண்டாக் கூட்டி 2021இல, அதே கொவிட் வருசத்தில, லான்செட்டில ஒரு பேப்பர் வந்தது, 48 ட்ரையல், 3,44,716 ஆக்கள், மேல் பிரஷர் 5 குறைஞ்சா ஹார்ட் அட்டாக், பாரிசவாதம் மாதிரியான பெரிய ஆபத்து 10 வீதம் குறையுது. (வீதம் எண்டு கண்டா எத்தினை பேரில எண்டு கேக்கச் சொன்னனே, அதை எனக்கும் கேளுங்கோ. அம்மாவுக்கு எவ்வளவு எண்டது அவவின்ட வயசையும் சீனி வருத்தம் இருக்கா எண்டதையும் பொறுத்தது, கிளினிக்கில கேட்டாச் சொல்லுவினம்.) அண்ணா இதெல்லாம் வெள்ளைக்காரனுக்கு எண்டு சொன்னா, இலங்கையிலயே ட்ரயம்ஃப் எண்டு ஒரு ட்ரையல் நடந்தது எண்டு சொல்லுங்கோ, 11 நகரத்து ஹொஸ்பிட்டல் கிளினிக், 700 பேர், எங்கட சனம், மூண்டு மருந்தைச் சின்ன அளவில ஒரே குளிசையாக் குடுத்து ஆறு மாசத்தில பாத்தா 70 வீதம் ஆக்களுக்கு பிரஷர் கட்டுப்பாட்டுக்குள்ள, வழமையான வைத்தியத்தில 55 வீதம்.

மூண்டு மாசம் விட்ட குளிசையை வீட்டில நீங்களா பழைய டோஸில திரும்பத் தொடங்காதேங்கோ. இந்தக் கிழமையே கிளினிக் கொப்பியையும் பழைய குளிசைக் கார்டையும் எடுத்துக்கொண்டு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கோ, மூண்டு மாசமா எடுக்கேல்ல எண்டதை டொக்டரிட்ட ஒளிக்காமச் சொல்லுங்கோ, பேசினாலும் பரவாயில்ல. இடையில தலையிடி கூடினா, கண் மங்கினா, நெஞ்சு நொந்தா, பேச்சுத் தடுமாறினா, கிளினிக் நாள் வரைக்கும் பாத்துக்கொண்டு இருக்காதேங்கோ, உடனே ஹொஸ்பிட்டல். அண்ணாவையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கோ. அவரும் அப்பாவை இழந்த பிள்ளை, அவரின்ட கோபம் அப்பாவில வச்ச பாசம், அதைப் பேப்பரைக் காட்டி வெல்ல ஏலாது. அம்மாட கையில பட்டியைக் கட்டி பிரஷர் பாக்கேக்க அவர் பக்கத்தில நிக்கட்டும், மெசினில வாற நம்பரை அவரே கொப்பியில எழுதட்டும், குளிசை தொடங்கி ஒரு மாசத்தால திரும்பப் போய் அதையும் அவரே எழுதட்டும்.

போயிட்டு வந்து ரெண்டு நம்பரையும் எனக்கு எழுதுங்கோ.